வில் முறிவது ஏன்?

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். அத்தகைய வில்லாற்றலுக்குப் பின்னால் வில் செய்வோரின் நுண்ணறிவும் உண்டு. பல நாள் உழைப்பில் உருவான மரவில், ஓர் அம்பும் எய்யப்படும் முன்பே முறிந்துவிடுவதுண்டு. கைகள் இரண்டும் ஒரே சீராக வளையுமாறு வில்லைச் சிறிது சிறிதாகச் சீவும் நிலையிலேயே இவ்விடர் நேர்கிறது.

நாணை இழுக்கும்போது வில்லின் இரு பக்கங்களும் வெவ்வேறு விசைகளுக்கு உட்படுகின்றன. இலக்கை நோக்கிய புறப்பக்கம் இழுவிசையால் நீள முயல்கிறது. வில்லாளியை நோக்கிய அகப்பக்கம் அமுக்கவிசையால் நெருங்குகிறது. மரத்தின் வலிமை அதன் நீண்ட இழைகளில் உள்ளது. புறப்பக்கத்து இழைகள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அறுபடாமல் ஓட வேண்டும். உளி அவற்றை இடையில் வெட்டிவிட்டால், வெட்டுண்ட இடத்தில் சிம்பு கிளம்பி வில் பிளக்கும். கணுவைச் சுற்றி இழைகள் வளைந்து செல்வதால் அங்கும் கவனம் தேவை. மூங்கிலில் வலிய இழைகள் வெளித்தோலை ஒட்டியே செறிந்துள்ளன. ஆதலால் மூங்கில் வில்லின் புறப்பக்கத்தில் அத்தோலைச் சிதைக்காமல் விடுவர்.

சீரற்ற தடிமன் மற்றொரு காரணம். அகலம் மாறாதபோது, வளைவை எதிர்க்கும் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப அமைகிறது. ஓரிடத்தில் தடிமன் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அவ்விடத்தின் விறைப்பு ஏறத்தாழ 27 விழுக்காடு குறைந்துவிடும். பிற பகுதிகள் விறைத்து நிற்க, அவ்விடம் மட்டும் கீல்போல மடங்கி முறியும். எனவே, குறை தென்பட்டதும் நாணை மேலும் இழுத்தல் கூடாது. மெலிந்த இடத்தைத் தொடாமல், விறைத்த பகுதிகளைச் சீவிச் சமன்செய்த பின்னரே இழுப்பைக் கூட்ட வேண்டும்.

ஈரப்பதமும் கருதத்தக்கது. மிகவும் உலர்ந்த மரம் நொறுங்கும். ஈரம் மிகுந்த மரம் வளைந்தவாறே நின்று விசையை இழக்கும்.

மரத்தின் இயல்பறிந்து வில் செய்தமைக்கு இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பல் சான்றாகும். 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட அக்கப்பலோடு நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர விற்கள் கிடைத்தன. இழுவிசையைத் தாங்கும் வெளிமரம் புறத்திலும், அமுக்கத்தைத் தாங்கும் வைரம் அகத்திலும் அமையுமாறு அவை ஒரே மரத்துண்டிலிருந்து செய்யப்பட்டிருந்தன.

முறிந்த வில்லும் பயனற்றதன்று. புறப்பக்கத்தில் நீண்ட சிம்புகள் கிளம்பியிருந்தால் இழை அறுபட்டிருக்கலாம். சிம்பின்றிக் குறுக்கே ஒடிந்திருந்தால் மரம் மிகுதியாக உலர்ந்தோ உளுத்தோ இருந்திருக்கலாம். முறிவின் வடிவத்தைக் கூர்ந்து நோக்குபவருக்கு, அடுத்த வில்லில் திருத்த வேண்டியது எது என்பது புலனாகும்.