வேட்டை நாயும் இல்வாழ்வும்

வேட்டை நாய்கள் இருவகையின: இரையைக் கண்ணாற் கண்டு விரைவன ஒன்று, மோப்பத்தால் தொடர்வன மற்றொன்று. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை நாய் முன்னதற்கும், பிரெஞ்சு தேசத்து வாந்தே நாட்டுக் குட்டைக்கால் கிரிஃபான் பின்னதற்கும் சான்றாம். கிரிஃபானின் முரட்டு மயிர் முட்புதரினூடே முயலைத் தொடருங்கால் கவசமாய் உதவுவது. அதனை அடிக்கடி சீவுதல் வேண்டும். சிப்பிப்பாறையின் குறுமயிரோ நம் வெயிலுக்கு ஏற்றது.

இரண்டும் இல்லத்தாரிடம் அன்புடையனவே. ஆயினும் குலத்தொழிலை மறவா. மோப்பம் பற்றிய நாய்க்கு எஜமானன் குரல் செவிப்படாது. முயலைக் கண்ட நாயோ குரல் எட்டுமுன் கண்மறையும். கும்மிடிப்பூண்டி வழியாகக் கொல்கத்தா செல்லும் பெருஞ்சாலையிலோ லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. ஆங்குக் கயிறின்றி விடுதல் அதன் உயிரைப் பணயம் வைத்தலாகும். நாள்முழுதும் கட்டிவைத்தலும் கொடுமையே.

ஆதலின் திருவள்ளூர்ப் பகுதியில் இத்தகைய நாயை வளர்ப்போர், வெயிலில்லாத விடியலிலும் அந்தியிலும் கயிற்றிற் பிடித்து நெடுந்தூரம் நடத்துக. மதில் சூழ்ந்த வெளியில் ஓடவிடுக. மோப்ப நாய்க்கு உணவை ஒளித்துவைத்துத் தேடச் செய்க. வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாது இடுவிக்க. தொழில் பெற்ற நாயே மனையில் அடங்கியிருக்கும். இதற்கு நேரமில்லாதார் அதனை வாங்காதிருத்தலே அவ்வுயிர்க்குச் செய்யும் அன்பாம்.