வேரோடு பெயர்த்து நட்ட சதை

எலும்பு முறிந்தால் பொருத்திவிடலாம். அதை மூடிய தோலும் சதையும் சிதைந்துபோனால் என் செய்வது? முழங்காலுக்குக் கீழே முன்புறத்தில் எலும்பின்மேல் இருப்பது தோல் ஒன்றே. கணுக்காலருகே, திருப்பி மூடுவதற்குப் போதிய தசையும் இல்லை. சாலை விபத்தில் சிக்கிய சிறுவனின் காலெலும்பு வெளியே தெரிந்தால், அது உலர்ந்து, கிருமிகள் குடியேறி, முடிவில் காலையே எடுக்க நேரலாம்.

சென்ற ஆண்டு, கட்டட வேலைக்காக இந்நகருக்கு வந்த நம்மவர் ஒருவரின் எட்டு வயது மகனுக்கு இரத்தம் கொடுக்கச் சங்க நண்பர்கள் சிலர் சென்றிருந்தோம். "என் தொடைத் தோலைச் சீவி ஒட்டக்கூடாதா, ஐயா?" என்று தந்தை கேட்டார். டாக்டர் கூறிய விடை, தாவரவியல் பயிலும் எனக்கு எளிதில் விளங்கியது. அச்சிறுவன் இன்று ஊன்றுகோலின்றி நடக்கிறான்.

பிறர் தோல் உடலில் நிலைப்பதில்லை. தன் தோலேயாயினும், சீவி எடுத்தபின் அதற்கென இரத்தக் குழாய் இல்லை. வெட்டி நட்ட கிளைக்கு ஈரமண் வேண்டுவதுபோல், அதற்கு இரத்தம் ஊறும் சதை வேண்டும்; உறையிழந்த வெற்றெலும்பின்மேல் அது காய்ந்துவிடும். ஆகவே, செடியை வேரோடு பெயர்த்து நடுவதுபோல், முதுகுத் தசையையோ தொடைத் தோலையோ அதற்குரிய தமனி, சிரைகளுடன் எடுத்துக் காலின் குழாய்களோடு இணைத்துத் தைக்கின்றனர்.

கன்னத்துத் தோலைக் காம்பு அறாமல் திருப்பி மூக்கு அமைக்கும் முறையைச் சுசுருதர் அன்றே கூறினார். காம்பை அறுத்துத் தொலைவில் நடுவதற்கோ, குழாயோடு குழாயைத் தைக்கும் வித்தை வேண்டியிருந்தது. 1902இல் காரல் அதற்கு வழி கண்டார். 1960இல் ஜேக்கப்சனும் சுவாரெசும் நுண்ணோக்கியின் துணையால் மிகச் சிறு குழாய்களையும் தைத்தனர். 1973இல் டேனியலும் டெய்லரும், தொடையிடுக்குத் தோலை ஒருவரின் காலுக்கு மாற்றிய செய்தியை வெளியிட்டனர். குழந்தைகளுக்கு இத்தகைய சிகிச்சை செய்ததை ஜப்பானிய அறிஞர் ஹாரி 1975இல் எழுதினார்.

சிறுவரின் குழாய்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டரே பருமன். தைக்கும் இழையோ தலைமயிரினும் மெலிது. இக்குழாய்களில் ஊசி செல்லுமா என்று முன்பு அஞ்சினர். ஆயினும் புகையும் முதுமையும் தீண்டாத குழாய்கள் அவை. இன்று பத்தில் ஒன்பதுக்கு மேல் வெற்றியே. முதல் சில நாட்கள் மட்டும், நட்ட சதையின் நிறத்தையும் சூட்டையும் இரவுபகலாய்க் காக்க வேண்டும். உள்ளே இரத்தம் உறைந்தால் உடனே திறந்து சீர்செய்தாக வேண்டும்.

இதில் காலமே பெரிது. யூகோஸ்லாவியாவின் கோடினா 1986இல் 532 நோயாளரின் அனுபவத்தை வெளியிட்டார். அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் செய்தவற்றுள் நூற்றுக்கு 1க்கும் குறைவாகவே நட்ட சதை அழிந்தது. அதன்பின் 3 மாதத்துக்குள் செய்தவற்றுள் நூற்றுக்கு 12 அழிந்தது.

அன்பர்களே! அடிபட்ட காலில் மஞ்சளும் காப்பித்தூளும் அப்பாதீர்கள். தூய துணியால் மூடி, அசையாமல் தாங்கி, எலும்பு மருத்துவரும் ஒட்டறுவை மருத்துவரும் ஒருங்கே பணிபுரியும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். எலும்பின் வளர்நுனி நசுங்கியிருந்தால் கால் குட்டையாகலாம், கோணலாம். பின்னரும் சிகிச்சை வேண்டியிருக்கும். ஆனால் நட்ட சதை உயிருள்ளது. பிள்ளை வளர வளரத் தானும் வளரும்.