மாணவர்களே முதலாளி, மாணவர்களே மெக்கானிக்

கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள டேவிஸ் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்குவது செப்டம்பர் கடைசி வாரத்தில். அன்று சீனியர் மாணவர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. வளாகத்துக்குள் சைக்கிள்களுக்கென்றே ரவுண்டானாக்கள் இருக்கின்றன. அவற்றின் ஓரத்தில் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் நுழைவது என்று தெரியாமல் புதுமுகங்கள் மோதி விழுவதைப் பார்ப்பார்கள். விழுந்தவர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொள்வார். ரிம் கோணிப்போன சைக்கிளுக்குத்தான் வைத்தியம் தேவை.

அந்த வைத்தியத்துக்காக 1971-இல் வந்ததுதான் ‘பைக் பார்ன்’. மாணவர் சங்கம் தொடங்கிய கடை. ஸ்பேனர் பிடித்தவர்களும் மாணவர்கள்தான், வகுப்பு இல்லாத நேரத்தில், சம்பளத்துக்கு.

டேவிஸில் அது முளைத்ததில் ஆச்சரியம் இல்லை. சாக்ரமென்டோவுக்குப் பக்கத்தில், மேடு பள்ளமே இல்லாத ஊர். 1959 முதல் 1969 வரை வேந்தராக இருந்த எமில் மிராக், வளாகத்தைச் சைக்கிளுக்கு ஏற்றபடி திட்டமிடச் சொன்னார். ஊருக்குள்ளும் ஒரு போராட்டம் நடந்தது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் குடும்பத்தோடு தங்கிவிட்டு வந்த பொருளாதாரப் பேராசிரியர் ஃபிராங்க் சைல்டும் நண்பர்களும் சாலையில் சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்டார்கள். 1966 நகரசபைத் தேர்தலில் அதை ஆதரித்தவர்கள் வென்றார்கள். அடுத்த ஆண்டே கோடு போட்டாயிற்று. அமெரிக்காவில் சாலையில் சைக்கிளுக்கென்று பாதை பிரித்த முதல் ஊர் டேவிஸ்.

பாதை போட்டால் சைக்கிள் வரும்; சைக்கிள் வந்தால் பஞ்சர் வரும். டேவிஸில் பஞ்சருக்குப் பெரிய காரணம் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு செடி. நெருஞ்சி. நம் வயல் வரப்பில் காலைப் பதம் பார்க்கும் அதே நெருஞ்சிதான் கலிஃபோர்னியாவுக்குக் குடியேறி, பாதையோரங்களில் படர்ந்து கிடக்கிறது. காய் முற்றி உடைந்தால் ஒவ்வொரு துண்டும் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது வானத்தைப் பார்த்து நிற்கும். டயரில் ஏறிய முள்ளைப் பிடுங்கினால் காற்று உடனே இறங்கும். பிடுங்காவிட்டால் மெல்ல இறங்கும். ஒரே டியூபில் ஏழெட்டு ஓட்டை இருந்தால் ஒட்டுப் போடுவது வீண் வேலை, டியூபையே மாற்றிவிடலாம்.

கடைக்கு வரும் புது ஆளுக்கு முதல் பாடமும் அதுவே. டியூபை மாற்றுவது சுலபம். மாற்றுவதற்கு முன் டயரின் உட்புறம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒடிந்த முள்நுனி ஒன்று அங்கே தங்கியிருந்தாலும் புது டியூப் தெரு முனையைத் தாண்டாது. வாடிக்கையாளர் திரும்பி வந்து திட்டுவார். அவரும் அடுத்த பெஞ்சில் உட்காரும் மாணவர்தான் என்பதால் திட்டு கூடவே இருக்கும்!

அதன் பிறகு பிரேக், கியர். இடது பெடலின் மரை மட்டும் தலைகீழாக இருக்கும் என்பதை அறியாமல் முழு பலத்தோடு இறுக்கிப் பார்க்காத புது ஆள் அபூர்வம். கடைசியாகத்தான் வீல் கோட்டம் எடுப்பது. ஒரு பக்கக் கம்பியைக் கால் திருகு இறுக்கி, எதிர்ப்பக்கத்தைத் தளர்த்தி, ரிம்மைச் சுழற்றிப் பார்த்து, மறுபடி கால் திருகு. அவசரக்காரருக்கு இது வராது. ஒரு பருவம் முழுக்கப் பழகியவர் கைக்குத்தான் வரும்.

இங்கேதான் சிக்கல். கை பழகிய ஆள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். தெருமுனைக் கடைக்காரர் முப்பது வருடம் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார். மாணவர் கடையில் நாலு வருடத்துக்குள் மொத்த ஆட்களும் மாறிவிடுவார்கள். ஆர்வத்தில் நாலு நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் கடைகள் பெரும்பாலும் அந்த நால்வரோடு முடிந்துபோவது இதனால்தான். பைக் பார்ன் பிழைத்ததற்கு நான் பார்க்கும் காரணம், அது யாருடைய ஆர்வத்தையும் நம்பி நிற்கவில்லை என்பது. உரிமை சங்கத்திடம் இருந்தது, வேலை செய்தவருக்குக் கூலி கிடைத்தது. அதே சங்கம் 1968-இல் லண்டனிலிருந்து பழைய மாடி பஸ் இரண்டை வாங்கி, மாணவர்களையே ஓட்டுநராக்கி, ‘யூனிட்ரான்ஸ்’ என்ற பஸ் சேவையையும் தொடங்கியிருந்தது. போஸ்டரும் ஆண்டு விழாவும்தான் மாணவர் சங்கம் என்று பழகிய நமக்கு இது கொஞ்சம் பொறாமை தரும் செய்தி.

தொண்டாக, இலவசமாகச் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், தேர்வு வரும்வரை. தேர்வு வாரத்தில் கூலி இல்லாத கடையை யார் திறப்பார்? டியூபுக்கும் செயினுக்கும் முதல் எங்கிருந்து வரும்? வருமானமும் ஒரே சீராக வராது: பருவத் தொடக்கத்தில் வரிசை நிற்கும், கோடை விடுமுறையில் ஈ ஆடும். அந்தச் சில வாரச் சம்பாத்தியத்தில்தான் வருடத்தின் மீதியைத் தள்ள வேண்டும்.

பட்டம் வாங்கிப் போகிறவர்கள் சைக்கிளை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுப் போவதும் எல்லா வளாகத்திலும் நடக்கிறது. டேவிஸில் கேட்பாரற்ற சைக்கிள்களைப் பல்கலைக்கழகமே எடுத்து ஏலம் விடுகிறது. நம் விடுதிகளில் அவை மழையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. முறையாக அறிவிப்பு ஒட்டி, கெடு வைத்து, பிறகு ஒரு மாணவர் கடையிடம் கொடுத்தால், இரண்டு சைக்கிளைப் பிரித்து ஒன்றைத் தேற்றலாம். உதிரி பாகமும் ஆச்சு, புது ஆளுக்குப் பழகிப்பார்க்கச் சரக்கும் ஆச்சு.

விடுதியும் பரந்த வளாகமும் உள்ள கல்லூரி எதிலும் இப்படி ஒரு கடையைத் தொடங்கலாம். நிர்வாகம் ஒரு ஷெட்டையும் மின் இணைப்பையும் தரட்டும். தணிக்கைக் கணக்கு கேட்கட்டும். விலைப்பட்டியலை மாணவர்களிடம் விட்டுவிடட்டும். தொடங்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெயர்ப்பலகை எழுதும் முன், முதலாம் ஆண்டிலிருந்து இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் போன பிறகு கடைச் சாவி அவர்களிடம்தான் இருக்கப்போகிறது.