சத்து மாத்திரை கொடுக்கலாமா?

பிள்ளைகளும் மூட்டழற்சியும் – 7

“டாக்டர், இந்த மருந்து போக, வீக்கம் குறைய வேறு என்ன சத்து கொடுக்கலாம்?”

ஜே.ஐ.ஏ. எனப்படும் சிறார் மூட்டழற்சிக்கு வைத்தியம் தொடங்கிய பெற்றோர் கேட்கும் முதல் கேள்விகளில் இது ஒன்று. அவர்கள் கேட்பதற்கு முன்பே வீட்டில் மீன் எண்ணெய் மாத்திரை வந்திருக்கும். பாட்டி மஞ்சள் பால் கொடுக்க ஆரம்பித்திருப்பார். வெளிநாட்டிலிருந்து சித்தப்பா குர்குமின் டப்பா அனுப்பியிருப்பார். எல்லாமே பிள்ளை மீதுள்ள அக்கறையால் வந்தவை. ஆனால், அத்தனையையும் தாங்க வேண்டியது அந்தச் சின்ன உடம்பின் கல்லீரலும் சிறுநீரகமும்தான்.

முதலில் ஃபோலிக் அமிலம். சென்ற வாரம் பேசப்பட்ட மெத்தோட்ரெக்சேட் மருந்தோடு டாக்டரே எழுதித் தரும் சத்து இது. அந்த மருந்தால் வரும் குமட்டலையும் வாய்ப்புண்ணையும் இது குறைக்கிறது. “ஃபோலிக் வெறும் விட்டமின்தானே, விட்டுவிட்டால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. விடக் கூடாது. இதில் உள்ள பெரிய அபாயம் வேறு. மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கொடுக்க வேண்டும். இரண்டுமே பல நேரம் சிறிய மஞ்சள் மாத்திரைகளாக இருப்பதால் மாறிப்போக வாய்ப்பு அதிகம். மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாகத் தினமும் விழுங்கியவர்களுக்கு ரத்த அணுக்கள் சரிந்திருக்கின்றன, உயிரும் போயிருக்கிறது. இரண்டையும் ஒரே டப்பாவில் போடாமல், மருந்துக்கான கிழமையை அட்டையிலேயே பேனாவால் எழுதி வைப்பது நல்லது.

அடுத்தது விட்டமின் டி. மூட்டழற்சி உள்ள பிள்ளைக்கு இது பெரும்பாலும் தேவைப்படும். நோயும் ஸ்டீராய்டும் எலும்பைப் பலவீனமாக்கும்; வலியால் பிள்ளை வெளியே விளையாடுவதும் குறைந்திருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்த கணக்குப்படி ஒரு நாளைத் தேவை 600 யூனிட். அமெரிக்காவில் வகுக்கப்பட்ட உச்ச வரம்பு 4 முதல் 8 வயது வரை நாளுக்கு 3,000 யூனிட், 9 வயதுக்கு மேல் 4,000. மருந்துக்கடையில் கிடைக்கும் பாக்கெட்டிலோ 60,000 யூனிட் இருக்கிறது. குறைபாடு உள்ளவர்களுக்கு வாரம் ஒன்றாக, டாக்டர் சொல்லும் சில வாரங்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டியது அது. அதைத் தினமும் பாலில் கலந்து கொடுத்ததாலோ, வாரங்கள் முடிந்த பிறகும் நிறுத்தாமல் தொடர்ந்ததாலோ ரத்தத்தில் கால்சியம் ஏறிய பிள்ளைகள் மருத்துவமனைக்கு வருகிறார்கள். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் ஆகியவை இதன் அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் கெடும்.

சொட்டு மருந்திலும் கவனம் வேண்டும். ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள பாட்டிலும் 800 யூனிட் உள்ள பாட்டிலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கடைக்காரர் கம்பெனியை மாற்றித் தந்தால், பழைய அளவிலேயே ஊற்றும் முன் லேபிளைப் படிக்க வேண்டும்.

மீன் எண்ணெய்க்கு ஆராய்ச்சி ஆதாரம் ஓரளவு உண்டு. ஆனால் பெரும்பாலும் அது பெரியவர்களின் முடக்குவாதத்தில் கிடைத்தது. அந்த ஆய்வுகள் பலவற்றில் கொடுக்கப்பட்ட ஒமேகா-3 நாளுக்குச் சுமார் 3 கிராம். ‘1,000 மி.கி.’ என்று அச்சிட்ட சாதாரண மாத்திரையில் உண்மையில் இருக்கும் ஒமேகா-3 சுமார் 300 மி.கி.தான். அதாவது அந்த அளவை எட்டப் பத்து மாத்திரை வேண்டும். அதைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்பவர் யாரும் இல்லை. வாரம் இரண்டு நாள் மத்தியோ அயிலையோ குழம்பு வைத்தால் ஒமேகா-3-யோடு புரதமும் சேரும். காட் லிவர் எண்ணெய் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதில் விட்டமின் ஏ-யும் டி-யும் இருப்பதால், மல்டிவிட்டமின் டானிக்கோடு சேரும்போது அளவு எளிதில் மீறும்.

“மஞ்சள் நம் வீட்டுப் பொருள்தானே?” குழம்பில் போடும் மஞ்சளும் பாலில் கலக்கும் ஒரு சிட்டிகையும் பிரச்சினை இல்லை. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அதிலும் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. மாத்திரை விஷயம் வேறு. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் குர்குமின் 20 மடங்கு கூடுதலாக உடம்பில் ஏறுகிறது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல் காட்டினார்கள். இன்று பல குர்குமின் மாத்திரைகளில் பைப்பரின் இருப்பது அதனால்தான். இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் இருப்பது தெரிந்து, இத்தாலி 2022-ல் டப்பாவின் மேல் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்துதான். இரண்டும் சேர்ந்து கல்லீரல் பரிசோதனையில் எண்கள் ஏறினால், எதனால் ஏறியது என்று டாக்டரால் கண்டுபிடிக்க முடியாமல் போகும். தேவையான மருந்தை நிறுத்த வேண்டிய நிலையும் வரலாம்.

சீந்தில் கஷாயமும் இந்தப் பட்டியலில் சேரும். சீந்தில் எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். அது வேறு இனக் கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. விவாதம் எப்படி முடிந்தாலும், ஜே.ஐ.ஏ. என்பது எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய். எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்று விற்கப்படும் எதையும் இந்தப் பிள்ளைகளுக்குக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி கடைசியில், தயங்கித் தயங்கி வரும். “இப்போது வீக்கமே இல்லையே, மருந்தை நிறுத்திவிட்டு சத்து மாத்திரையை மட்டும் கொடுக்கலாமா?” இந்த நோய் தானாகத் தணியும், பிறகு தானாகக் கிளம்பும். மூட்டு அமைதியாக இருக்கும்போதே கண்ணுக்குள் அழற்சி நடக்கலாம். அதில் பெரும்பாலும் சிவப்பும் இருக்காது, வலியும் இருக்காது. ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை ஸ்லிட் லேம்ப் பரிசோதனை சொல்லப்படுவது இதற்காகத்தான். பார்வை போன பிறகு எந்தச் சத்து மாத்திரையும் அதைத் திருப்பித் தராது. ஸ்டீராய்டை டக்கென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்தியாவில் விற்கும் ஹெல்த் சப்ளிமென்ட் டப்பாக்களில், இது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்ற வாசகம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வீட்டில் இருக்கும் டப்பாவை இன்றே திருப்பி அந்த வரியைப் படியுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாத்திரை, டானிக், கஷாயப் பொடி என எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேஜையில் வையுங்கள். திட்டுவாரோ என்று பயந்து எதையும் மறைக்காதீர்கள்.

(தொடரும்)