கடலைப் பார்த்த பீரங்கிகள்

சிடாம் கிரி பக்கத்திலிருந்து பள்ளி விடுமுறையில் பினாங்குக்குப் போகிற நாம் தண்ணீர்மலைக் கோயிலையும் கொடிமலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். யுத்த காலத்தைச் சொல்லும் இரண்டு இடங்கள் அங்கே உண்டு.

தீவின் தென்கிழக்கு மூலையில், பத்து மாவுங்கில், ஒரு குன்றின்மேல் ஆங்கிலேயர் 1930களில் ஒரு கோட்டை கட்டினார்கள். நிலத்தடிச் சுரங்கவழிகள், வெடிமருந்து அறைகள், பீரங்கி மேடைகள் எல்லாம் அமைத்தார்கள். 2002இல் அது போர் அருங்காட்சியகமாயிற்று. அங்கே போனால், பீரங்கிகள் எந்தத் திசையை நோக்கியிருந்தன என்று கேளுங்கள். கடலைத்தான்! பகைவன் கப்பலில் வருவான் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஜப்பானியனோ 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவிலும் தாய்லாந்துக் கரையிலும் இறங்கினான். தாய்லாந்திலிருந்து ஜித்ரா, குருண் என்று தரைவழியாகவே நம் கெடாவுக்குள் புகுந்தான். நமது சுங்கை பட்டாணி விமானத் தளத்தில் முதல் நாளே குண்டு விழுந்தது.

11ஆம் தேதி ஜார்ஜ்டவுனில் நடந்ததுதான் கொடுமை. விமானங்களைக் கண்டதும் ஓடி ஒளிய வேண்டும் என்று அறியாத ஜனங்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குண்டு மழையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

அடுத்த இடம், பட்டணத்துக் கடலோரத்தில் உள்ள கார்ன்வாலிஸ் கோட்டை. அங்குள்ள கொடிமரத்தைப் பாருங்கள். 13ஆம் தேதி இரவு ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும் ஓசைப்படாமல் கப்பலேற்றினார்கள். 16ஆம் தேதி இரவு படையும் போய்விட்டது. ஆசியர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எஞ்சியவர்களை ஒன்றுகூட்டி ஊரைக் காக்க முன்வந்தவர் இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, பத்திரிகை ஆசிரியர். ஊர் கைவிடப்பட்டது தெரிந்தால் குண்டு நிற்கும் என்று, அந்த மரத்திலிருந்த ஆங்கிலக் கொடியை அவரே இறக்கினார். இன்னொருவர், குதிரைப் பந்தய ஓட்டி, நம் சுங்கை பட்டாணிக்கே வந்து ஜப்பானியரிடம் செய்தி சொன்னார். 19ஆம் தேதி அவர்கள் பினாங்குக்குள் நுழைந்தார்கள்.

கைவிடப்பட்டது பட்டணம் மட்டுமா? துரைமார் போன தோட்டங்களிலிருந்துதான் பிறகு 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதை போட நம்மவரைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். அந்தக் கதை இந்தக் கோட்டைச் சுவர்களில் கிடைக்காது. உங்கள் லயத்தில் கிடைக்கலாம். பாட்டி சொன்னது யாருக்காவது நினைவிருந்தால், பஸ்ஸில் போகும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

புறப்படுமுன் அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சுரங்கவழிகள் ஒடுக்கமானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் வெளியிலேயே நிழலில் இருக்கலாம்.