30 டன் துணியும் ஓர் எவர்சில்வர் அடுக்கும்

"பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்ரேம்ம்ம்...!"

எங்கள் தெருவில் இந்தக் குரலைக் கேட்டு ரொம்ப நாளாச்சு. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திடீரென்று கேட்டது. நான் பேப்பரும் காபியுமாக உட்கார்ந்திருக்க, அம்மா பீரோவைத் திறந்து, அப்பாவின் சட்டைகளைக் கை கொள்ளாமல் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போகிறாள்!

அப்பா காலமாகி எட்டு மாசம்தான் ஆகிறது.

"என்னம்மா பண்றே?"

"பூச்சி அரிக்கறதுக்கு முந்தி யாருக்காவது உபயோகப்படட்டுமேடா."

"அப்பா சட்டையைப் போட்டுப் பாத்திரம் வாங்கறதா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

பாத்திரக்காரர் இந்த மாதிரிச் சண்டைகளைத் தெருத் தெருவாகப் பார்த்தவர் போலிருக்கிறது. "பேசி வைங்கம்மா. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

நான் பி.காம். கோபம் வந்தாலும் கணக்குத்தான் போட வரும். சட்டை 14. பேண்ட் 9. பத்து வருஷத் தேய்மானம் கழித்தால் மதிப்பு பூஜ்யம். சரி, நீலக் கோடு போட்ட சட்டையின் பையில் பேனா கசிந்த கறை ஒன்று இருக்கிறதே, அதை எந்தத் தலைப்பில் எழுதுவது?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வாரம் நான் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த கட்டுரையும் துணிமணி சமாசாரம்தான். உடை, செருப்பு, ஃபேஷன் இவற்றை வைத்துப் பெரிய பெரிய மண்டபங்களை நிரப்புகிற கலைஞர்களைப் பற்றி. 'இன்ஸ்டலேஷன்' என்கிறார்கள். ஆணியடித்துச் சுவரில் மாட்டுகிற கலை இல்லை. ஓர் இடத்தையே நிரப்பி, நம்மை அதற்குள் நடக்க விடுகிற கலை. பாரீஸ், நேப்பிள்ஸ் என்று படங்களாகத் தேட ஆரம்பித்தேன். (எனக்குத் தெரிந்த ஒரே பாரீஸ், பாரீஸ் கார்னர்!)

முதலில் அகப்பட்டது ஒரு ஜோடி செருப்பு.

போர்ச்சுக்கல் நாட்டு ஜோனா வாஸ்கோன்செலோஸ் என்ற பெண்மணி 2009-ல் செய்தது. பெயர் 'மர்லின்'. நடிகை மர்லின் மன்றோ போடுவாரே, ஊசி மாதிரிக் குதிகால் வைத்த செருப்பு, அதே மாடல். ஆனால் ஒவ்வொன்றும் சுமார் மூணு மீட்டர் உயரம், நாலு மீட்டர் நீளம். பார்க்கிற இடமெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாஸ்பான்களும் மூடிகளும்! 2012-ல் இதைப் பிரெஞ்சு ராஜாக்களின் வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கே தற்காலக் கலைஞர்களை அழைத்து நடத்தும் கண்காட்சி வரிசையில் இடம் பிடித்த முதல் பெண் இவர்தான்.

செல்போனில் படத்தை அம்மாவிடம் காட்டினேன்.

"பாத்திரத்துல செருப்பா? அன்னம் வைக்கற பாத்திரம்டா! அதைக் கொண்டுபோய்க் காலுக்குக் கீழயா?"

"லண்டன்ல 2010-ல இதை ஏலம் விட்டாங்களாம்மா. அஞ்சு லட்சம் பவுனுக்கு மேல போச்சாம்."

"அஞ்சு லட்சம் பவுனா! தங்கத்துலயாடா பண்ணியிருக்கா?"

பவுண்டு என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆனால் யோசித்துப் பார்த்தால், அம்மாவுக்கு வந்த அதிர்ச்சிதான் அந்தக் கலையின் முதல் போணி. வெளியே கிளம்பினால் குதிகால் செருப்பு, உள்ளே வந்தால் வாணலி. பெண்ணிடம் உலகம் கேட்கிற ரெண்டு வேஷத்தையும் ஒரே பொருளில் ஏற்றிவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் சினிமா, கிட்டே போனால் சமையல்கட்டு! இந்த வித்தை பலிக்க வேண்டுமானால் செருப்பு யானை சைஸில் இருந்தாக வேண்டும். பாதம் அளவு செருப்பில் சாஸ்பானை எங்கே ஒட்டுவது?

இதே வாஸ்கோன்செலோஸ், 2023-ல் டியோர் கம்பெனியின் ஃபேஷன் ஷோவுக்காகப் பாரீஸில் ஒரு ராட்சச உருவத்தைத் தொங்கவிட்டார். பூப்போட்ட துணி, குரோஷா பின்னல், உள்ளே காற்று. அதன் நீண்ட கைகளுக்கு அடியில் புகுந்து புகுந்து மாடல் அழகிகள் நடந்தார்கள். பெயர் 'வால்கிரி மிஸ் டியோர்'.

யார் இந்த மிஸ் டியோர்? கம்பெனியை ஆரம்பித்த கிறிஸ்டியன் டியோரின் தங்கை கேத்தரின். நாஜிகளுக்கு எதிராக ரகசியமாக வேலை செய்து, பிடிபட்டு, ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாமுக்குப் போய், உயிரோடு திரும்பி, பூ வியாபாரம் செய்து பிழைத்தவர். 1947-ல் வந்த 'மிஸ் டியோர்' செண்ட்டுக்குப் பெயர்க் காரணம் அவர்தான். செண்ட் பாட்டிலுக்குள் இப்படி ஒரு கதையா என்று இருந்தது எனக்கு.

அடுத்தவர் இத்தாலிக்காரர், மைக்கேலாஞ்சலோ பிஸ்டொலெட்டோ. நம்ம திருப்பூருக்குப் பனியன் மாதிரி, கம்பளித் துணிக்குப் பேர்போன பியெல்லா ஊரில் 1933-ல் பிறந்தவர். 1967-ல் இவர் ஒரு காரியம் செய்தார். தோட்டத்தில் அழகுக்கு வைக்கிற வீனஸ் சிலை ஒன்றை எடுத்து, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பழந்துணிக் குவியலைப் பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டார். 'கந்தல்களின் வீனஸ்'. தேவதைக்கு உடுப்பே கிடையாது. அதனால் ரெண்டாயிரம் வருஷமாக அவள் ஃபேஷன் பழசாகவும் இல்லை. எதிரே குவிந்து கிடப்பதோ, போன வருஷ ஃபேஷன்!

2023 ஜூனில் நேப்பிள்ஸ் நகரச் சதுக்கத்தில் இதையே பிரம்மாண்டமாகச் செய்து வைத்தார்கள். ஜூலை 12 விடியற்காலையில் தீ வைக்கப்பட்டு எரிந்துபோனது. துணி மலை என்று எல்லோரும் பார்த்ததற்குள்ளே ஒளிந்திருந்த இரும்புச் சட்டம் மட்டும் கருகி நின்றது. அப்போதுதான் 90 வயசு முடித்திருந்த மனிதர் அசரவில்லை. 2024 மார்ச்சில் அதே சதுக்கத்தில் புது வீனஸ், புதுக் குவியல்!

கடைசியாகப் பார்த்ததுதான் என்னை உலுக்கிவிட்டது.

கிறிஸ்டியன் போல்டான்ஸ்கி. பாரீஸில் கிராண்ட் பாலே என்று ஒரு கண்ணாடிக் கூரை மண்டபம். 13,500 சதுர மீட்டர். மெட்ராஸ் கணக்கில் சொன்னால் 60 கிரவுண்டு! 2010 ஜனவரியில் அந்தத் தரையில் பாத்தி கட்டின மாதிரி வரிசை வரிசையாகப் பழைய கோட்டுகளையும் சட்டைகளையும் விரித்தார். பாத்திகளுக்கு மேலே டியூப் லைட். அதைத் தாண்டி ஒரு துணி மலை. மலைக்கு மேல் கிரேன். அதன் இரும்புக் கை இறங்கும், ஒரு பிடி அள்ளும், உயரத் தூக்கும், அப்படியே விட்டுவிடும். எதை எடுக்கும், எதை விடும் என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. மண்டபம் முழுக்க மனிதர்களின் இதயத் துடிப்பு ஒலித்துக்கொண்டே இருக்கும். குளிர்காலம்தான் வேண்டும், ஹீட்டரும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். வந்தவர்கள் அவரவர் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு நடந்தார்கள். தரையில் கிடந்த கோட்டுகளுக்குள் யாரும் இல்லை.

அதே வருஷம் நியூயார்க்கிலும் வைத்தார். 30 டன் துணி, 25 அடி மேடு, 60 அடி கிரேன். சட்டை ஒன்று கால் கிலோ என்று வைத்துக்கொண்டால் 1,20,000 சட்டை!

போல்டான்ஸ்கி பிறந்தது 1944 செப்டம்பரில், பாரீஸ் நாஜிகளின் பிடியிலிருந்து விடுபட்ட சில நாட்களில். அப்பா யூதர். ஆக்கிரமிப்புக் காலத்தில் மாசக்கணக்காக வீட்டுத் தரைப் பலகைக்கு அடியில் ஒளிந்து கிடந்தவர். 2021-ல் இறக்கும்வரை மகன் சொல்லிக்கொண்டே இருந்தது இதுதான்: ஒருத்தர் போட்டுக் கழற்றிய சட்டை, அந்த ஆள் இப்போது இங்கே இல்லை என்பதற்கு அத்தாட்சி. பாரீஸ் படைப்புக்கு அவர் வைத்த பெயர் 'பெர்ஸான்'. பிரெஞ்சில் அதற்கு 'மனிதர்கள்' என்றும் அர்த்தம் உண்டு. 'யாருமில்லை' என்றும் அர்த்தம் உண்டு.

இந்தப் படத்தையும் அம்மாவிடம் காட்டினேன். இந்தத் தடவை சிரிப்பு, கேலி ஒன்றும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதெல்லாம் யாரோடதுடா?"

"தெரியாதும்மா. பழைய துணி வியாபாரத்துலேர்ந்து வந்தது. கண்காட்சி முடிஞ்சதும் மறுபடி அங்கேயே போயிடுச்சு."

"பேரு கீரு ஒண்ணும் எழுதி வைக்கலையா?"

"இல்லேம்மா."

"பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி பாத்திரக்காரர் வந்தார். இந்தத் தடவை சட்டைகளை நானே எடுத்துப் போனேன். காலரைப் பார்த்தார், பொத்தானை எண்ணினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இன்கம்டாக்ஸ் ஆபீசர்கூட அவ்வளவு பார்க்க மாட்டார்!

"இதெல்லாம் எங்கேப்பா போகும்?" என்று அம்மா கேட்டாள்.

"நல்லதைத் தைச்சு, இஸ்திரி போட்டு, சந்தையில விப்பாங்கம்மா. யாராச்சும் போட்டுக்கிட்டு வேலைக்குப் போவாங்க. கிழிஞ்சது ஒர்க்‌ஷாப்ல வண்டி துடைக்கப் போயிடும்."

நீலக் கோடு சட்டையை மட்டும் தனியாக எடுத்துத் திருப்பித் தந்தார். "இங்க் கறை போகாது தம்பி. இது வேணாம்."

நான் மறுபேச்சே பேசாமல் வாங்கி, மடித்து, பீரோவில் வைத்துவிட்டேன்.

மீதி 13 சட்டை, 9 பேண்ட்டுக்கு அரை மணி நேரம் பேரம். கடைசியில் மூடி போட்ட ஓர் எவர்சில்வர் அடுக்கு. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அம்மா அதைப் பையில் போட்டுக்கொண்டு, "பாத்திரக் கடை வரைக்கும் வாடா" என்றாள்.

"பேர் வெட்டணும்."

கடைக்காரர் மெஷினைக் கையில் எடுத்தார். "யார் பேரும்மா?"

கல்யாணமாகி 41 வருஷத்தில் அம்மா அப்பாவின் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ரேஷன் கடையில்கூடக் கார்டைத்தான் நீட்டுவாள். என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுடா."

சொன்னேன். 'ர்ர்ர்...' என்று மெஷின் வெட்ட ஆரம்பித்தது.

அடுக்கில் இப்போது புழுங்கலரிசி இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால், பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. திரும்பக் கொண்டுபோய்ச் சரிசெய்து வருகிறேன் என்றேன்.

"இருக்கட்டும் விடு. அவரும் எதுலயாவது ஒண்ணை மறந்துட்டுத்தான் வருவார்" என்கிறாள் அம்மா.