கூட்டுறவு இனப்பெருக்கம்: செஷல்ஸ் கதிர்க்குருவியின் வாழ்வியலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இணையின் குஞ்சுகளைப் பேணுவதில் பிற பறவைகளும் பங்கேற்கும் முறை ‘கூட்டுறவு இனப்பெருக்கம்’ எனப்படுகிறது. தன்னலமின்மையாகத் தோன்றும் இந்நடத்தையுள் இரு வினாக்கள் அடங்கியுள்ளன. இளம் பறவை பெற்றோரை விட்டு ஏன் பிரிவதில்லை என்பது ஒன்று. தங்கிய பின் ஏன் உதவுகிறது என்பது மற்றொன்று. செஷல்ஸ் கதிர்க்குருவி பற்றிய கள ஆய்வுகளின் வழி இவ்விரண்டையும் வேறுபடுத்தி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: கூட்டுறவு இனப்பெருக்கம், உதவிப் பறவை, உறவுவழித் தேர்வு, வாழிட நிறைவு, ஆட்சிப்பரப்பு.

முன்னுரை

தன் வழித்தோன்றல்களைப் பெருக்க உதவும் பண்புகளே நிலைபெறும் என்பது இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டின் அடிப்படை. பிறர் குஞ்சுக்கு இரையூட்டும் பறவை இக்கோட்பாட்டிற்கு ஓர் அறைகூவலாக அமைந்தது. நடு அமெரிக்கப் பறவைகளிடம் இந்நடத்தையைக் கண்ட அலெக்சாண்டர் ஸ்கட்ச், 1935இல் அதனை அறிவியல் உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார். 1964இல் டபிள்யூ. டி. ஹாமில்டன் அதற்குக் கோட்பாட்டு விளக்கம் அளித்தார். உதவி பெறுபவர் அடையும் நன்மையை உறவின் நெருக்கத்தால் பெருக்கக் கிடைப்பது, உதவுபவரின் இழப்பைவிட மிகுதியாயின் அந்நடத்தை நிலைபெறும் என்பது அவர் கருத்து. உடன்பிறந்தோர் மரபணுக்களில் சராசரியாகப் பாதியைப் பகிர்ந்துகொள்வதால், தம்பி தங்கையரை வளர்ப்பதும் மரபுப் பயன் தருவதே. எனினும் சொந்தக் குஞ்சை வளர்க்க வாய்ப்பிருக்கையில் இளம் பறவை அதனைத் தவிர்ப்பதேன் என்பதற்கு உறவு மட்டும் விடையாகாது.

பிரியாமைக்கான காரணம்

இந்தியப் பெருங்கடலிலுள்ள செஷல்ஸின் கசின் தீவு ஏறத்தாழ 29 எக்டேர் பரப்புடையது. 1960களில் உலகிலிருந்த செஷல்ஸ் கதிர்க்குருவிகள் அனைத்தும் இத்தீவிலேயே வாழ்ந்தன. அவற்றின் எண்ணிக்கை முப்பதைத் தாண்டவில்லை. தீவு 1968இல் காப்பகமானது. தென்னந்தோப்பு அகற்றப்பட்டு இயற்கைக் காடு மீண்டதும், 1980களின் தொடக்கத்தில் அவை முந்நூற்றுக்கு மேல் பெருகின. தீவில் இடம் நிறைந்த நிலையில், இளம் பறவைகள் பல பெற்றோரின் ஆட்சிப்பரப்பிலேயே தங்கி உதவின.

1988இல் 29 பறவைகள் ஆளில்லா வாழிடமான அரீட் தீவிற்கு மாற்றப்பட்டன. இனப்பாதுகாப்பிற்காகச் செய்யப்பட்ட இப்பணியே சிறந்ததொரு களச் சோதனையாகவும் அமைந்தது. யான் கோம்டூரின் ஆய்வு மூன்று செய்திகளை வெளிப்படுத்தியது.

1. கசின் தீவில் ஏற்பட்ட வெற்றிடங்களை உதவிப் பறவைகள் உடனுக்குடன் நிரப்பின.
2. அரீட் தீவில் தொடக்கத்தில் பிறந்த குஞ்சுகள் தங்கி உதவாமல், பிரிந்து சென்று தாமே இனப்பெருக்கம் செய்தன.
3. பூச்சியிரை மிகுந்த பரப்புகள் நிறைந்ததும், அவற்றில் பிறந்த குஞ்சுகள் தங்கி உதவத் தொடங்கின. அப்போது தரம் குறைந்த இடங்கள் காலியாகவே இருந்தன.

எனவே பிரியாமைக்கு இடமின்மை மட்டும் காரணமன்று. நல்ல இடத்தின் இன்மையே காரணம். தாழ்ந்த பரப்பில் உடனே கூடு கட்டுவதினும் வளமான பரப்பில் காத்திருப்பது வாழ்நாள் முழுமைக்கும் கூடுதல் பயன் தருகிறது.

உதவுவதற்கான காரணம்

இக்கதிர்க்குருவி பெரும்பாலும் ஒரு முட்டையே இடும். அடைகாத்தல், கூட்டைக் காத்தல், இரையூட்டல் ஆகியவற்றில் உதவி கிடைப்பது வளமான பரப்பில் குஞ்சின் பிழைப்பை உயர்த்துகிறது. வறிய பரப்பிலோ கூடுதல் பறவை இருக்கும் இரையையும் குறைத்துவிடுகிறது. உதவுபவை பெரும்பாலும் மகள்களே. இதற்கேற்பத் துணைப்பறவை இல்லாத இணைகள் இடும் முட்டைகளின் பால் விகிதமும் மாறுவதைக் கோம்டூர் 1997இல் வெளியிட்டார். வறிய பரப்பில் 77 விழுக்காடு ஆண் குஞ்சுகளாகவும், வளமான பரப்பில் 13 விழுக்காடு மட்டுமே ஆண் குஞ்சுகளாகவும் இருந்தன.

மரபணுச் சோதனைகள் இச்சித்திரத்தை மேலும் திருத்தின. குஞ்சுகளுள் சுமார் 40 விழுக்காட்டின் தந்தை வேறு குழுவைச் சேர்ந்தது. ஆதலால் தந்தையின் இருப்பு உறவிற்கு உறுதியான சான்றாகாது. தன்னை வளர்த்த பெண் பறவை இன்னும் அங்கிருக்கிறதா என்பதைக் கொண்டே உதவும் பெண் பறவைகள் நடந்துகொள்கின்றன. மேலும், அவற்றுட் சில அதே கூட்டில் தாமும் முட்டையிடுகின்றன. ‘உதவி’ எனப்படுவதில் நேரடிப் பயனும் கலந்துள்ளது.

முடிவுரை

தங்குதலை வாழிடத்தின் தரமும், உதவுதலை உறவும் நேரடிப் பயனும் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு ‘தியாகம்’ எனப் பெயரிடுவது நடத்தையை மறைக்குமேயன்றி விளக்காது. கசினில் உதவியாளராய் நின்ற அதே இனம் அரீட்டில் தனிக்குடும்பமாய் வாழ்ந்தது. மாறியது இயல்பன்று, சூழல். இப்புரிதலுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. உதவிப் பறவைகள் மிகுவது, வாழிடம் நிரம்பியதன் அறிகுறியாகவும் இருக்கலாம். நிரம்பிய தீவைக் காப்பதோடு நில்லாமல் புதிய தீவுகளில் குடியேற்றியதன் விளைவாகவே, ஒரு தீவில் ஒடுங்கியிருந்த இவ்வினம் இன்று ஐந்து தீவுகளில் வாழ்கிறது.